கரைக்குக் கீழே எத்தனை பேர்

காலை 5.50. போத்தனூர்.

என் வீட்டு வாசலில் வெள்ளை அம்பாசடர் கார் கழுவித் துடைத்து நின்றது. அதை விட்டுவிட்டு நான் டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு டவுன் பஸ். கவுண்டருக்குக் கை வற்றிவிட்டதோ என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், எனக்குச் சொந்தமாக ஒரு அணை இருக்கிறது. மண் அணை. கோயமுத்தூரில் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். சொந்தமாக அணை வைத்திருக்கிறவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் படித்தது நான்காம் வகுப்பு. பதினோரு வயதில் பவுண்டரியில் மண் சலிக்கப் போனேன். முப்பத்தெட்டு வயதில் சொந்தப் பவுண்டரி, சொந்தப் பம்ப் செட். வார்ப்பு மண்ணைக் கையில் பிடித்து அமுக்கிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லுவேன். அப்படிப்பட்டவன் மலையிலிருந்து இறங்குகிற ஓடையை மறித்து, எந்த எஞ்சினியரையும் கேட்காமல், 240 அடி நீளம், 22 அடி உயரத்துக்குக் கரை போட்டேன். பதினான்கு வருஷமாக நிற்கிறது.

போன வருஷம் வேறு பக்கத்தில் ஒருவர் தோட்டத்துக் கரை உடைந்து, கட்டிப் போட்டிருந்த இரண்டு எருமைகள் போயின. அதற்குப் பிறகு எங்கள் அடிவாரத்து விவசாயிகள் ஒன்றுகூடிப் பேசினோம். இந்தச் சின்ன அணைகளுக்குச் சட்டமும் கிடையாது, கேள்வி கேட்கிறவரும் கிடையாது. நாமே ஒருவரை வைத்து எல்லாக் கரைகளையும் பார்த்து ரகம் பிரித்து வைப்போம் என்று முடிவானது. கூட்டத்துக்குத் தலைவன் நான். முதலில் என் அணையைப் பாருங்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்றேன்.

பார்க்க வருகிறவர் காதர் பாய். கோட்டைமேட்டுக்காரர். முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் அனுப்புகிறேன் என்றதற்கு அவர் போனில் சொன்ன பதில்: “வேண்டாமுங்க கவுண்டரே. யார் கரையப் பாக்கப் போறனோ அவுங்க வண்டீல ஏறறதில்லைங்க. நான் பஸ்ல வாரேன். நீங்க கார்ல வாங்க.”

அவர் பஸ்ஸில் வர நான் காரில் போனால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் டவுன் பஸ்.

காந்திபுரம் எட்டு கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய். பையில் ஐம்பது ரூபாய்க்குக் குறைந்து நோட்டு இல்லை. நீட்டினேன்.

“ஏனுங்க பெரியவரே, காலங்காத்தால பஸ்ஸையே வெலைக்கி வாங்கறாப்பல நீட்டறீங்க?” என்றார் கண்டக்டர்.

“வாங்கீருவேன் தம்பி. உன்ற சம்பளத்தையும் சேத்துக் குடுக்கோணுமேன்னு பாக்கறேன்” என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. மீதிச் சில்லறை உக்கடம் தாண்டித்தான் வந்தது.

காலை 6.35. காந்திபுரம்.

பஸ் ஸ்டாண்டு விடிந்தும் விடியாமலும் நெரிசலாக இருந்தது. லாட்ஜ்களிலிருந்து பெட்டியோடு இறங்குகிறவர்கள், பூக்கூடைகள், பேப்பர் கட்டுகள். காதர் பாய் டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். ஒல்லி உடம்பு, கையில் குடை, தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு கயிறு, டேப், மூடி போட்ட கண்ணாடி பாட்டில்.

என் வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் தூக்குப்போசியில் இட்லியும் நெய் ரோஸ்ட்டும் கட்டிக் கொடுத்திருந்தாள். திறந்தேன். பாய் கும்பிட்டுவிட்டார்.

“பாக்கப் போற அன்னைக்கு கை நனைக்கிறதில்லைங்க கவுண்டரே. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இட்லி தின்னா என்ற கரை ஒசந்துருமா பாய்?”

“கரை ஒசராதுங்க. என்ற கண்ணு தாழ்ந்துரும்.”

அவர் தன் காசில் டீயும் பன்னும் சாப்பிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன். பட்டறையில் என்னோடு சாப்பிடுவதைப் பெருமையாக நினைக்கிறவர்கள் எத்தனையோ பேர். இவருக்கு அது புரியவில்லை.

காலை 7.10. தொண்டாமுத்தூர் பஸ்.

பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்றரை ரூபாய். லாலி ரோடு தாண்டியதும் காற்று மாறிவிடும். வேடபட்டிக்கு அப்பால் இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் வெங்காயம், தக்காளி. மேற்கே மலை, பாதிக்கு மேல் மேகம். புரட்டாசிக் கடைசி. ஐப்பசி மழை இன்னும் இறங்கவில்லை, ஆனால் வாசனை வந்துவிட்டது.

பஸ் குலுங்கக் குலுங்க பாய் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தட்டெழுத்து அடித்தது. மூன்று ரகம். உடைந்தால் காடும் வெள்ளாமையும் மட்டும் போகும் என்றால் மூன்றாம் ரகம். ரோடு, மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை போகும் என்றால் இரண்டாம் ரகம். கரைக்குக் கீழே ஆள் படுத்துத் தூங்குகிறான் என்றால் முதல் ரகம். மூன்றாம் ரகத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பார்த்தால் போதும். முதல் ரகத்தை ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் பின்னாலும் பார்க்க வேண்டும்.

இரண்டு தரம் படித்தேன். கரையின் நீளம் இல்லை, உயரம் இல்லை, கட்டியவன் பெயர் இல்லை.

“ஏன் பாய், கரை எத்தனை பலமுன்னு இதுல கேக்கவே இல்லையே?”

“அது பொறவு பாக்கறதுங்க. ஒடஞ்சா ஆரு போவாங்கன்னு பாக்கறது மொதல்ல.”

“என்ற கரை ஒடயாதுங்களே.”

“எல்லாக் கரைக்காரரும் இதத்தானுங்க சொல்றாங்க” என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

காலை 8.20. தொண்டாமுத்தூரிலிருந்து மேற்கே.

இங்கிருந்து என் தோட்டம் ஆறு கிலோமீட்டர். தக்காளி ஏற்றப் போகிற காலி டெம்போ ஒன்று கிடைத்தது. ஆளுக்கு இரண்டு ரூபாய். மரப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனோம். வழியில் ஒரு வாழைத்தோட்டம் நசுங்கிக் கிடந்தது. முந்தின ராத்திரி யானை வந்துபோயிருக்கிறது. என் அணைக்கும் வரும். யானைக்கே தண்ணீர் காட்டுகிறவன் நான் என்று பாயிடம் சொன்னேன்.

காலை 9.05. அணை.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு குன்று முட்டுகிற இடத்தில் என் கரை நிற்கிறது. மேலே நின்றால் மலையும் மேகமும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும். கரை நெடுக இரண்டு வரிசை தென்னை. மண்ணைச் சும்மா விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. வடகோடியில் கலிங்கு. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோட விட்டிருக்கும் கல் கட்டு அது. தென்கோடியில் மேட்டின்மேல் என் தோட்டத்து வீடு. மொசைக் தரை, உள்ளே ஊஞ்சல், ஒற்றை வாகை மரத்தில் அறுத்த கதவு. அந்த வாகை கரை போடுவதற்கு முன்பே அங்கே நின்றது; அதை அணைத்தே மண் போட்டிருந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் வெட்டினேன்.

கரைமேல் அழைத்துப் போகலாம் என்று திரும்பினால் பாய் இல்லை. கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“பாய், அணை இங்கெ இருக்குதுங்க!”

“தெரியுதுங்க. மொதல்ல கீழெ.”

கீழே எட்டு வீடுகள். இதையும் நான் சொல்லியாக வேண்டும். கரைக்கு அடியில் முக்கால் ஏக்கர், எப்போதும் ஈரம், வெள்ளாமைக்கு ஆகாது. என் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கூப்பிட்டு, இந்த இடத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பைசா வாங்காமல் கொடுத்தேன். ஓடு நான் கொடுத்தேன், ஜன்னல் கம்பி என் பவுண்டரியிலிருந்து வந்தது. நுழைகிற இடத்தில் என் பெயரோடு ஒரு வளைவு. கட்டாயப்படுத்தி வைத்ததில்லை; வைக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

பாய் வளைவை நிமிர்ந்து பார்த்தார். திரும்பிக் கரையைப் பார்த்தார். தாளை எடுத்தார்.

“கரை போட்டப்ப இந்த ஊடுக இருந்துதுங்களா?”

“இல்லீங்க. அப்ப வெறும் முள்ளு.”

“அப்ப உங்க கரை மூணாம் ரகமுங்க. நீங்க எடங் குடுத்த அன்னைக்கி மொத ரகமாயிருச்சு. கரைல ஒரு கூடை மண்ணுகூட மாறலை.”

வளைவில் இருந்த என் பெயரை ஒருதரம் படித்தேன்.

“எத்தனை பேருங்க ராத்திரி படுக்கறாங்க?” என்றார், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

“எட்டுக் குடும்பம்.”

“ஆளுங்க?”

கரை எத்தனை அடி, எத்தனை வண்டி மண், மதகின் தண்டு எத்தனை கிலோ, எல்லாம் என் நாக்கு நுனியில் இருக்கும். இது தெரியவில்லை. கடைசி வீட்டு வாசலில் ரங்கம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கரைக்கு மிக அருகே இருப்பது அவள் வீடுதான். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் தோட்டத்தில் களை எடுப்பிலிருந்து தேங்காய் பொறுக்குவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் வீடு வீடாக விரலைக் காட்டி எண்ணினாள்.

“அக்கட்டால ஊட்ல அஞ்சு, அடுத்ததுல மூணு, மாரிக்கி போன மாசம் கொழந்த பொறந்துதுங்க, அதைய சேக்கலாமுங்களா?”

“சேக்கோணும் அம்மணி” என்றார் பாய்.

“அப்ப முப்பத்தி நாலுங்க.”

34 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

காலை 9.50. ஊற்று.

வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், கரையின் அடியை ஒட்டி, ரங்கம்மாள் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டிக் கல் அடுக்கி வைத்திருந்தாள். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் கீரை, நாலு செம்பருத்தி.

“சித்திரைலகூட வத்தாதுங்க” என்றாள் பெருமையாக. “ஐயா புண்ணியத்துல ஊட்டுக்குள்ளயே கெணறு.”

இது எனக்குப் பிடித்துப்போய், பாயைப் பார்த்தேன். அவர் குனிந்து கண்ணாடி பாட்டிலில் தண்ணீரைப் பிடித்தார்.

“எப்பவும் இந்த நெறந்தானுங்களா?”

“இல்லீங்க. கண்ணாடியாட்ட இருக்கும். அஞ்சாறு நாளா கலங்கலா வருதுங்க. துணியப் போட்டு வடிகட்டிக் குடிக்கறமுங்க.”

பாய் பாட்டிலை அவள் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் போயிற்று. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. பாட்டிலின் அடியில் மெதுவாக ஒரு செம்மண் படலம் இறங்கியது. அரை விரல் கனம்.

எனக்கு அந்த மண் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கையில் பிடித்து அமுக்கிப் பார்த்து, இது நிற்கும் என்று நான் சொன்ன மண்.

“தெளிஞ்சு கசிஞ்சா தண்ணி வருதுன்னு அர்த்தமுங்க” என்றார் பாய். “கலங்கிக் கசிஞ்சா கரை வந்துட்டிருக்குது.”

காலை 10.40. கரைமேல்.

ரங்கம்மாள் வீட்டுக்கு நேர் மேலே வாகை நின்ற இடம். அடிமரம் மக்கி, புல் மூடியிருந்தது. பாய் குடையை மடக்கி அங்கே குத்தினார். குடை போயிற்று. பிடி மட்டும் வெளியே நின்றது.

“வேர் மக்கினா அத்தனையும் பொந்துங்க. தண்ணி மட்டம் கீழெ இருந்தவரைக்கும் பொந்துக்குள்ள போகலை. இந்த வருஷம் மட்டம் ஏறியிருக்குது. எப்படி ஏறுச்சுங்க?”

எப்படி ஏறும்? நான் ஏற்றியது. கலிங்கின்மேல் இரண்டு அடிக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தேன், என் பவுண்டரியில் கழித்த வார்ப்பு மணல். எங்கள் பக்கத்தில் அடிவாரத்துக் கரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். வழிந்து வீணாகப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? அந்த இரண்டு அடி இருந்தால் பன்னிரண்டு ஏக்கர் வாழைக்குச் சித்திரை முடிய கவலையில்லை. ஆடி மழையில் தண்ணீர் மூட்டை வரை வந்து நின்றதைப் பத்துப் பேரைக் கூட்டி வந்து காட்டினேன்.

“மூட்டைய எடுத்துருங்க. ஒவ்வொரு அடுக்கா. மதகையும் தெறந்து வெச்சு தெனமும் ஒரு முழம் மட்டம் எறக்குங்க. ஒட்டுக்கா எறக்கினா ஈரக்கரை உள்பக்கமா சரிஞ்சுரும். பாதி வத்தறதுக்கு ஒரு வாரம் ஆகும்.”

“வாழை?”

“வாழைக்கி இந்தத் தாள்ல எடமில்லீங்க.”

“அந்த ஒரு வாரத்துல மழை வந்தா?”

“அதத்தானுங்க நானும் யோசிக்கறேன். அதுவரைக்கும் இவுங்க கீழெ படுக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு அவர் குடையை உருவித் துடைத்தார். மேட்டு வீட்டைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்காமல் இருந்ததில்தான் அவர் சொன்னது இருந்தது.

என் வீட்டைத் திறந்து விடுகிறேன் என்று உடனே சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. தேங்காய்க் கொட்டகையை நினைத்தேன்; கூரை ஒழுகும். பள்ளிக்கூடத்தை நினைத்தேன், இரண்டு கிலோமீட்டர். மொசைக் தரையையும் நினைத்தேன். வேலை சொல்லக் கூப்பிட்டால் இவர்கள் அந்த வீட்டு வாசல்படிக்கு வெளியேதான் நிற்பார்கள். நில்லுங்கள் என்று நான் சொன்னதில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொன்னதில்லை.

பகல் 12.15.

மூட்டைகளை எடுக்க எட்டு வீட்டு ஆண்களும் வந்தார்கள். முதல் மூட்டையை நானே இழுத்தேன். அறுபத்தாறு வயதிலும் இழுக்க முடிகிறது. தண்ணீர் கலிங்கில் சத்தமில்லாமல் வழியத் தொடங்கி வடக்கு ஓடையில் இறங்கியது. மதகின் தண்டு முதலில் திரும்ப மறுத்தது. நான் வார்த்தது, எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு பேர் சேர்ந்து திருப்பினதும் வழிக்கு வந்தது.

பிறகு மடியிலிருந்த சாவியை எடுத்து ரங்கம்மாளிடம் நீட்டினேன்.

“பொழுதோட எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல போயிரு. கொழந்தையோட இருக்கறவுங்க உள் ரூம்ல.”

“ஐயா ஊட்டுக்குள்ளயா? வேண்டாமுங்க, நாங்க வாசல்ல சாக்கு விரிச்சுக்கறமுங்க.”

“மழை பேஞ்சா வாசலும் நனையும். கதவத் தெற.”

வாங்கவில்லை. பாயைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பாட்டில் இன்னும் படியில்தான் இருந்தது.

“ஏனுங்கய்யா, இது ஒடஞ்சுருமுங்களா?”

இருபது வருஷமாக என்னிடம் கேள்வி கேட்காதவள். உடையாது என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம்.

“எனக்குத் தெரியலை ரங்கம்மா” என்றேன்.

சாவியை வாங்கிக்கொண்டாள்.

மாலை 4.30. திரும்புகை.

கடைசிப் படுக்கையும் பாத்திரமும் மேட்டுக்கு ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். வாகைக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஊஞ்சலில் ஐந்தாறு பிள்ளைகள் ஒட்டுக்கா ஏறியிருந்தார்கள். சங்கிலி என் பவுண்டரியில் செய்தது, தாங்கும். தொண்டாமுத்தூரில் பஸ் ஏறும்போது தூறல் விழுந்தது. பாய் தன் டிக்கெட்டைத் தானே வாங்கினார். பஸ் லாலி ரோட்டுக்கு வந்தது. அங்கே மழை வலுத்தது. ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

“நாளைக்கி மொத பஸ்ல நான் மறுபடி போறனுங்க பாய்” என்றேன்.

“நானும் வாரேன்” என்றார்.

ஏழு நாளும் போனோம். கரை நின்றது. பாதி வற்றிய பிறகு வாகை நின்ற இடத்தை வெட்டித் திறந்தோம். பொந்துக்குள் என் கை தோள்பட்டை வரை போனது. எத்தனையோ வார்ப்பை உடைத்து உள்ளே ஓட்டை பார்த்தவன் நான். இதை மட்டும் பதினான்கு வருஷம் வெளியே நின்று பார்த்தே பாராட்டியிருக்கிறேன்.

தை மாசத்துக்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில், என் மகளுக்கென்று வைத்திருந்த ஒரு ஏக்கரை எட்டாகப் பிரித்தேன். இந்தத் தடவை பாயைக் கூப்பிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டுக் கல் நட்டேன். வளைவு வைக்கவில்லை. வீடு முடிந்து குடி போகிறவரை முப்பத்து நாலு பேரும் என் மொசைக் தரையில்தான் படுத்தார்கள். வாழையில் பாதி போயிற்று. கரைமேல் இருந்த தென்னைகளை வேரோடு எடுத்து, மண் அடித்துக் கெட்டித்தேன். கலிங்கின்மேல் இன்று ஒரு செங்கல்கூடக் கிடையாது.

மறு வருஷம் புரட்டாசியில் பாயோடு அதே பஸ்ஸில் போனேன். கீழே நடந்தார். எட்டு வீட்டு அஸ்திவாரம், புல், ரங்கம்மாளின் பழைய செம்பருத்தி. ஊற்றில் தண்ணீர் தெளிந்து நின்றது. பாட்டிலில் பிடித்து வைத்தார். அடியில் ஒன்றும் இறங்கவில்லை. ஆட்கள் என்ற இடத்தில் சுழி போட்டு, மூன்றாம் ரகம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“இனி கை நனைக்கலாமுங்களா?” என்றேன்.

“நனைக்கலாமுங்க. ஆனா உங்க ஊட்ல இல்லை. ரங்கம்மா கீரை கடஞ்சு வெச்சிருக்குதாமா.”

ரோட்டோர வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் பவுண்டரி ஆபீசில் மாட்டியிருக்கிறேன். பம்புக்குக் கிடைத்த பரிசுகளுக்கெல்லாம் மேலே. வருகிறவர்கள் படித்துவிட்டு, ‘மூணாம் ரகத்துக்கா கவுண்டரே கண்ணாடி?’ என்று கேட்கிறார்கள். வந்து பாருங்கள் என்று அழைத்துப் போகிறேன், பஸ்ஸிலேயே. கரைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறேன். ‘இங்கெ என்ன இருக்குது?’ என்கிறார்கள்.

ஒன்றும் இல்லை. அதைக் காட்டத்தான் முப்பத்திரண்டு கிலோமீட்டர் அழைத்து வருகிறேன்.